கேஸ் கீசரின் புகையை வெளியே விடுவது எப்படி

வேலூர் வெயிலுக்குப் பேர்போன ஊர்தான். ஆனாலும் மார்கழி, தை மாத விடியற்காலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடிவதில்லை. மின்சாரச் செலவுக்குப் பயந்து பலர் சிலிண்டரில் ஓடும் கீசரை வாங்கி, குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடவைக்கும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் 1 கிலோ கேஸ் செலவாகும். ஒரு கிலோ கேஸ் எரிய 12 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 2 கன மீட்டர் போய்விடும். ஐந்துக்கு ஏழடி, ஒன்பதடி உயரக் குளியலறையில் இருப்பதே 9 கன மீட்டர்தான். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால், எரிந்து கழிந்த புகையே திரும்பவும் கீசரின் தீக்குள் போகும். ஆக்ஸிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கே சொல்லிவிடும். இதைக் கண்டுபிடிக்க மூக்கால் முடியாது. காற்றில் 1,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,600 பங்கு) அளவு இருந்தாலே ஓரிரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். 6,400 என்றால் கால் மணி நேரம்கூட ஆகாது.

அதனால் முதல் வேலை, வாங்கிய கீசர் எந்த ரகம் என்று பார்ப்பது. மேல்தகட்டில் வெறும் துளைகள் மட்டும் இருந்தால் அது புகைக்குழாய் இல்லாத ரகம். விலை குறைவு என்பதால் வீடுகளில் அதிகம் இருப்பதும் இதுதான். இதற்குத் தகரத்தில் கூம்பு செய்து குழாய் பொருத்தித் தரச் சொல்லாதீர்கள். புகை போகும் வழி அடைபட்டால் தீ இன்னும் மோசமாக எரியும். இதற்கு ஒரே இடம் வீட்டுக்கு வெளியே: பின்பக்கச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே, அல்லது துணி துவைக்கும் திறந்த இடத்தில். அங்கிருந்து அரை அங்குல சிபிவிசி குழாயில் வெந்நீரை உள்ளே கொண்டுவரலாம். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் வெந்நீர் வந்துசேரத் தாமதம் தெரியாது. ஜன்னலுக்கு நேர்கீழே மட்டும் மாட்டாதீர்கள். சூடான புகை மேலே எழும்பி நேராக அந்த ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். பக்கவாட்டில் நான்கடியாவது தள்ளியிருக்கட்டும்.

புகையை வெளியே தள்ள விசிறி வைத்த ரகத்துக்குக் கீசரோடு குழாய் வரும். கையேட்டில் சொன்ன விட்டத்தைக் குறைக்கக் கூடாது. 4 அங்குலக் குழாயை 3 அங்குலமாக்கினால் புகை போகும் பரப்பு பாதியளவுக்குச் சுருங்கிவிடும். குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் இருக்க வேண்டும். பிவிசி வேண்டவே வேண்டாம். சுவரில் துளை போட உளி, சுத்தியல் வேண்டாம்; கோர் கட்டிங் செய்பவரை அழைத்தால் வட்டமாக, சுத்தமாக வரும். 60 மி.மீ. குழாய்க்கு 75 மி.மீ. துளை போதும்.

துளை வெளிப்பக்கமாகச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். மட்டமாகவோ உட்பக்கம் சரிந்தோ இருந்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் கீசருக்குள் வரும். குழாயில் வியர்க்கும் நீரும் திரும்பி வரும். நம் பக்கம் மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால், வேறு சுவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகுகள் போட்டு, சூடு தாங்கும் சிலிகான் பூசுங்கள். விசிறி புகையைத் தள்ளுவதால் சின்ன இடுக்கு இருந்தாலும் அறைக்குள் கசியும். மரக் கதவு, பிளைவுட் அலமாரி ஆறங்குலத்துக்குமேல் தள்ளியிருக்கட்டும்.

குழாயின் வெளிநுனி எங்கே முடிகிறது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். லாஃப்டிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ சமையலறைச் சிம்னிக் குழாயிலோ விடக் கூடாது. வேலூரின் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும், காட்பாடிப் பக்கத்து அடுக்குமாடிகளிலும், இரண்டு குளியலறைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய ‘டக்ட்’டில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் புகை மாடிவீட்டுக்காரரின் வென்டிலேட்டரில் நுழையும். நுனி திறந்த வெளியில், நடைபாதை என்றால் ஏழடிக்கு மேல், எந்த ஜன்னலிலிருந்தும் நான்கடி தள்ளி இருக்க வேண்டும். அப்படி இடமே இல்லாத வீட்டில் கேஸ் கீசரை விட்டுவிட்டு மின்சார ஹீட்டர் வைப்பதே சரி.

விசிறி இல்லாத, குழாய் மட்டும் உள்ள ரகத்துக்கு விதி மாறும். இங்கே சூடுதான் புகையை இழுக்கிறது. கீசருக்கு மேல் இரண்டடி நேராக ஏறிய பிறகே முதல் வளைவு. பிறகும் குழாய் மேல்நோக்கியே போக வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரண்டடி உயர்ந்து முடிய வேண்டும்.

புகை போக வழி செய்தால் மட்டும் போதாது, காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். வெளிச்சுவரில் தரையோரம் ஒரு செங்கல், கூரையோரம் ஒரு செங்கல் அளவுக்கு மூடவே முடியாத துளைகள் வையுங்கள். குளிருகிறது என்று துணி திணிப்பவர்களும் உண்டு. வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. இயற்கையாகப் புகை போகும் கீசரில், ஃபேன் அறைக் காற்றை இழுக்கும்போது குழாயில் இருக்கும் புகையையும் கீழே இழுத்துவிடும். சோதித்துப் பாருங்கள்: கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கீசரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கீசரின் மேலே புகை குழாய்க்குள் நுழையும் வாயின் விளிம்பருகே ஊதுபத்தி காட்டுங்கள். பத்தியின் புகை குழாய்க்குள் போனால் சரி. உங்கள் முகத்துக்குத் திரும்பினால் கீசரை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டு, குழாயைச் சரிசெய்யும்வரை தொடாதீர்கள்.

வருடத்தில் எட்டு மாதம் சும்மா கிடப்பதால் குழாய் நுனியில் குருவி கூடு கட்டும். அரை அங்குலக் கம்பி வலை போடுங்கள்; கொசுவலை தூசியில் அடைத்துக்கொள்ளும். ஐப்பசியிலேயே ஆளை வைத்து, கீசருக்குள் தீக்கு மேலே இருக்கும் தகடுகளின் கரியைத் துலக்கச் சொல்லுங்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு செப்புக்குழாயில் படிந்தால் சூடு ஏறாது. உடனே கேஸ் திருகைக் கூட்டுவார்கள். அப்போது தீ நீண்டு தகட்டில் முட்டிக் கரி பிடிக்கும். நீலத் தீ மஞ்சளானால் நிறுத்திவிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் குளியலறைக்கு வெளியே ஐந்தடி உயரத்தில் மாட்டலாம். கேஸ் கசிவு அலாரம் வேறு. அது தரையோரம் இருக்க வேண்டியது, இந்த விஷவாயுவை அது காட்டாது.

குளிக்கப் போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடைத்துத் திறந்து, மூச்சை அடக்கியபடி அவரை வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் கேஸ் கீசர் என்பதை முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது; அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும். அவருக்கு உடனே தேவைப்படுவது முழு ஆக்ஸிஜன்.