ஸ்பிரிங் மடக்குக்கத்தி: வாங்குவதற்கு முன் சட்டம், வாங்கிய பின் பராமரிப்பு

மூடியிருக்கும் கத்தியைக் கையில் எடுத்து, அலகில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதைத் தாண்டித் தள்ளியதும் மீதித் தூரத்தை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்; ‘டக்’கென்று அலகு விரிந்து பூட்டிக்கொள்ளும். புதிதாக வாங்குபவர்கள் மயங்குவது அந்த ‘டக்’கில்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய முரண்டு. கத்தி பைக்குள் தானாகத் திறக்காமல் கிடப்பது அதனால்தான். சில நாட்டுச் சட்டங்கள் இதைப் பட்டன் கத்தியோடு சேர்க்காமல் விட்டிருப்பதும் அதனால்தான்.

1. காசு கொடுப்பதற்கு முன் சட்டம்

பட்டன் கத்தியில் பட்டன் கைப்பிடியில் இருக்கும். அமுக்கினால் அலகு வெளியே பாயும். ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்தியில் அலகையே நாம் தள்ளித் தொடங்கி வைக்க வேண்டும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நாடு மாறினால் இதற்குக் கிடைக்கும் பதிலும் மாறிவிடும்.

அமெரிக்காவில் 1958-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் பட்டன் கத்தி வியாபாரத்தைத் தடுத்தது. 2009-இல் அதில் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: அலகை மூடிய நிலைக்கே இழுத்துப் பிடிக்கும் அமைப்பு உள்ளே இருந்து, அந்த இழுப்பை மீறிக் கையால் தள்ளித்தான் திறக்க முடியும் என்றால் அந்தக் கத்தி தடைக்குள் வராது. இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிட வேண்டாம். மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

பிரிட்டனில் கதையே வேறு. பாதி திறந்த நிலையிலிருந்து தானாக முழுதும் விரியும் கத்தியையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைக்குள் கொண்டுவந்தது. 2021 ஜூலையிலிருந்து அங்கே அதை வீட்டு அலமாரியில் வைத்திருப்பதுகூடக் குற்றம். டெல்லியிலோ 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று அளவைப் பார்க்கிறது: அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால், ஸ்பிரிங்கில் இயங்கும் கத்தியோடு பொது இடத்தில் நிற்கக் கூடாது.

ஆகவே நீங்கள் இருக்கும் இடத்தின் சட்ட வாசகத்தையே தேடிப் படியுங்கள். இந்த வகையை வைத்திருக்கலாமா? வெளியே எடுத்துப் போகலாமா, போனால் தகுந்த காரணம் கேட்பார்களா? எவ்வளவு நீளம் வரை? பூட்டிக்கொள்ளும் அலகுக்குத் தனி விதி உண்டா? ‘ஆன்லைனில் தாராளமாக விற்கிறார்களே’ என்பது போலீஸிடம் எடுபடாது. நீளத்தை நீங்களே ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். முனையிலிருந்து கைப்பிடி தொடங்கும் இடம் வரை, கூர் இல்லாத பகுதியையும் சேர்த்து.

விமானத்தில் போகிறீர்களா? கேபின் பையில் வைக்கவே வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் போட்டாலும், இறங்கும் நாட்டின் சட்டத்தையும் இடையில் மாறும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

2. மாதம் ஒருமுறை முரண்டுச் சோதனை

மூடிய கத்தியை அலகு கீழே விழும் வாக்கில் பிடித்து லேசாக உலுக்குங்கள். அலகு அசையக் கூடாது. அடுத்து, குமிழைத் துளியளவு மட்டும் தள்ளிவிட்டு விடுங்கள். அலகு தானாக உள்ளே திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். பல கத்திகளில் இது கைப்பிடியின் உட்புறம் படுத்திருக்கும் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. கெர்ஷா நிறுவனத்தின் கத்திகளுக்காகக் கென் ஓனியன் என்பவர் வடிவமைத்த ஸ்பீட்சேஃப் என்ற திறப்பு அமைப்பு இந்த வகைதான். மூடிய நிலையில் பிடித்து வைப்பதும் திறக்க உதவுவதும் இந்த ஒரே கம்பி. அது போனால் அலகு தொளதொளவென்று ஆடும், கையை உதறினாலே திறக்கும். ஈர்ப்பு விசையாலோ உதறலாலோ தானாகத் திறக்கும் கத்தியையும் மேலே சொன்ன 1958 சட்டம் பட்டன் கத்தியாகவே கணக்கிடுகிறது. வேகம் கூட்டுகிறேன் என்று ஸ்பிரிங்கை நோண்ட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

3. சுத்தம் செய்வது

அலகைத் திறந்து, பூட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். பாக்கெட் பஞ்சும் தூசியும் அலகு சுழலும் அச்சருகே போய் உட்காரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், ஒரு பழைய பல்துலக்கி, இது போதும். அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து தேயுங்கள், விரல் கூர்ப்பக்கம் போகாமல். நன்றாகத் துடைத்து, இரவு முழுக்கத் திறந்தபடியே பத்திரமான உயரத்தில் காயவிடுங்கள்.

காய்ந்ததும் அச்சில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். நான் முதல் முறை தாராளமாக ஊற்றினேன். இரண்டே வாரத்தில் அது தூசியோடு குழைந்து கறுப்புப் பசையாகி, அலகு பாதி வழியில் நின்றது. அதைவிட மோசம், எண்ணெய் பூட்டு முகத்தில் வழிந்திருந்தது. அலகின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்கும் அந்தத் தகட்டு விளிம்பு வழுக்கினால், வெட்டும்போதே கத்தி விரல்மேல் மடங்கும். அந்த இடம் உலர்ந்தே இருக்கட்டும்.

4. திருகு

திறந்த அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா? நட்சத்திர முனைத் திருப்புளியால் அச்சுத் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு இறுக்கி, திறந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு. அதிகம் இறுக்கினால் ஸ்பிரிங்கால் அலகைத் தள்ள முடியாது. பலர் ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைப்பது பெரும்பாலும் அழுக்காகவோ இந்த இறுக்கமாகவோதான் இருக்கும். கைப்பிடியை முழுதாகக் கழற்றுவது தொடக்கநிலையில் வேண்டாம். விசையோடு இருக்கும் கம்பி கண்ணை நோக்கித் தெறிக்கலாம்.

5. சாணை

கூர் விளிம்பு முழுக்க மார்க்கரால் கறுப்பு பூசுங்கள். அலகைக் கல்லில் சுமார் 20 டிகிரி சாய்த்து இரண்டு இழுப்பு. மை கூரோரம் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு அதிகம், கூருக்கு மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஒரு பக்கம் முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும் (விரலைக் கூரின் குறுக்கே வையுங்கள், கூரோடு ஓட்டாதீர்கள்). அப்போதுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். முடித்ததும் அச்சருகே சேர்ந்த இரும்புத் தூளைக் கழுவிவிடுங்கள்.

அப்புறம், கம்பி உடைந்தேவிட்டால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மாற்றுக் கம்பி அனுப்புபவர்களும் பழுது பார்த்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். தபாலில் அனுப்பலாமா என்பதையும் கேட்டுவிட்டு, மூடிய கத்தியை டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி டப்பாவில் போடுங்கள். பிடித்து வைக்க இப்போது உள்ளே ஒன்றும் கிடையாது.