கியூப் டிராஃப்ட்: "நல்லா இருந்தது மச்சான்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்கு

போயா (பௌர்ணமி விடுமுறை) நாள், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு. எட்டுப் பேர் வருவதாகச் சொன்ன இடத்தில், மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி ஐந்து பேர் வந்து சேர்வோம். மேசையில் ஒருவன் மாதக்கணக்காகத் தேடிச் சேர்த்த 360 கார்டுகள். நாலு மணித்தியாலம் விளையாடி முடித்து, ரோல்ஸும் பிளேன்ரீயும் தீர்ந்து, சப்பாத்தைப் போடும் நேரத்தில் அவன் கேட்பான்: "எப்பிடியடா இருந்தது?" நாங்கள் சொல்வோம்: "நல்லா இருந்தது மச்சான்." அடுத்த மாதமும் அதே கியூப், அதே ஓட்டைகள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக்: த கேதரிங் போன்ற விளையாட்டுகளில், கடையில் வாங்கும் பக்கற்றுகளை உடைத்து டிராஃப்ட் செய்வது, அதாவது ஒவ்வொரு கார்டாகத் தெரிந்தெடுத்து டெக் கட்டி விளையாடுவது, வழக்கம். கியூப் என்றால் அந்தப் பக்கற்றுகளில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிப்பது. பெரும்பாலும் ஒவ்வொரு கார்டும் ஒன்றே ஒன்று. அவற்றைக் கலைத்து 15 கார்ட் கொண்ட பக்கற்றுகளாக்கி ஆளுக்கு மூன்று கொடுப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். கடைசியில் கையில் சேரும் 45இல் இருந்து 40 கார்ட் டெக் ஒன்றைக் கட்ட வேண்டும். அதில் 16, 17 கார்டுகள் லேண்டுகள்; மற்றக் கார்டுகளைப் போடக் கொடுக்கும் விலையான மனாவைத் தருபவை அவைதான். அடிப்படை லேண்டுகள் அந்த 45இல் சேராமல் தனியாக மேசையில் இருக்கும்.

எங்கள் வீடுகளில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடியவர்களுக்கு இது விளங்கும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு சாதியையும் கூட்டினால் 304. இந்தக் கணக்கைத் தலைமுறைகள் விளையாடித் தேய்த்துச் சரிப்படுத்திவிட்டன. ஜாக் வலிமை கூடிப்போனது என்று இன்றைக்கு யாரும் முறைப்பாடு சொல்வதில்லை. கியூப்போ நேற்றுத்தான் ஒருவன் தன் அறையில் இருந்து கட்டியது. அதைத் தேய்த்துச் சரியாக்குவது விளையாடுகிறவர்களின் வாயில்தான் இருக்கிறது. நாங்கள் பிழை விடுவதும் அங்கேதான்.

பட்டியலைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது

கார்ட் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்த ஐந்தாவது நிமிடமே, "அந்தக் கார்ட் இல்லையா? இதை ஏன் போட்டாய்?" என்று தொடங்கிவிடுவோம். பலசாலிக் கார்டை அவன் மறந்திருக்க மாட்டான், வேண்டுமென்றே விட்டிருப்பான். பாவ்பர் கியூப் என்று ஒரு வகையே இருக்கிறது. சாதாரணக் கார்டுகள் மட்டும்தான் அதில் வரும். அங்கே போய் அபூர்வக் கார்ட் தேடுவது, சைவக் கடையில் மீன் ரொட்டி கேட்பது மாதிரி. முதலில் கேட்க வேண்டியது, "இதில் என்ன மாதிரி ஆட்டம் நடக்கவேணும் என்று நினைச்சாய்?" என்பதைத்தான். அதற்கு அவனிடம் பதில் இல்லையென்றால் அதைவிடப் பெரிய கருத்து வேறு தேவையில்லை.

ஆட்கணக்கை மறப்பது

கொழும்பில் எங்களுடைய தலையாய பிரச்சினை இதுதான். 360 என்பது சும்மா வந்த எண் அல்ல: எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று பக்கற், பக்கற்றுக்கு 15. எட்டுப் பேரும் வந்தால் கியூப்பில் உள்ள எல்லாக் கார்டும் மேசைக்கு வந்துவிடும். ஐந்து பேர் என்றால் 225 கார்டுதான் வரும். ஒரு குறிப்பிட்ட கார்ட் அன்றைக்கு வரும் வாய்ப்பு எட்டில் ஐந்து. இரண்டு கார்டுகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் கூட்டு ஒன்றை அவன் வைத்திருந்தால், இரண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 39 வீதம். வந்தாலும் இரண்டும் ஒரே ஆளின் கையில் சேர வேண்டும். நாலு பேர் என்றால் வாய்ப்பு கால்வாசிக்கு இறங்கிவிடும். அதோடு, "வித்தியாசம் வேணும்" என்று கியூப்பை 540க்கு ஏற்றி வைத்துவிட்டு நாலு பேரோடு விளையாடினால் ஒன்பதில் ஒன்று.

ஆகவே, "அந்தக் கூட்டு வேலை செய்யேல்லை" என்று ஒருவர் சொன்னால், அது கியூப்பின் குறையா, வராமல் போன மூன்று பேரின் குறையா என்று பார்க்க வேண்டும். நாலு பேர்தான் வருவார்கள் என்று தெரிந்தால் 180 கார்டுகளை முன்கூட்டியே தெரிந்தெடுங்கள். எந்தக் கருவை (ஒன்றுக்கொன்று உதவும் கார்டுகளால் அமையும் ஆட்ட வழியை) முழுதாகக் காட்டுவது, எதைப் பெட்டியிலேயே விடுவது என்று தீர்மானிக்கலாம். 15இன் மூன்று பக்கற்றுக்குப் பதிலாக 9இன் ஐந்து பக்கற் கொடுத்தாலும் 45 சரியாக வரும். ஒரே பக்கற் திரும்பத் திரும்பக் கைக்கு வந்து அலுப்படிக்காது. இரண்டே பேர் என்றால் கார்ஃபீல்டே வகுத்த வின்ஸ்டன் டிராஃப்ட் இருக்கிறது. அதற்கு 90 கார்ட் போதும்.

கணக்கு என்று வந்ததால் இன்னொன்று. கார்டுகளுக்கு ஐந்து நிறங்கள் உண்டு; ஆளாளுக்கு ஒன்றிரண்டு நிறத்தில் டெக் கட்டுவோம். "சிவப்பில் வேகமாக அடிக்கிற டெக் சரிவரேல்லை" என்பது நான் அதிகம் கேட்ட குறை. கேட்டவுடன் எல்லோரும் பலசாலிச் சிவப்புக் கார்டுகளைச் சிபாரிசு செய்வார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு மனா விலையில் உள்ள சிவப்பு உயிரினங்கள் மொத்தமே ஆறு இருக்கும். இரண்டு பேர் சிவப்பு எடுத்தால் ஆளுக்கு மூன்று. 40 கார்ட் டெக்கில் மூன்று இருந்தால், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 45 வீதம்தான். எட்டு இருந்தால் அது 82 வீதம். வலுவான கார்ட் ஒன்று கூடினால் இந்தக் கணக்கு மாறாது. மலிவான கார்டுகள் கூட வேண்டும்.

இரண்டு நிறக் கார்டுகளிலும் இதே கதை. ஐந்து நிறங்களில் பத்துச் சோடிகள். எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு சோடி எடுத்தாலும் ஒரு சோடிக்கு ஓர் ஆள்கூட இல்லை. அழகாக இருக்கிறது என்று சோடிக்குப் பத்துப் பன்னிரண்டு போட்டால், பக்கற்றின் வால்பகுதி முழுக்க யாருக்கும் உதவாத கார்டுகள் தேங்கும்.

மரியாதைக்கு விளையாடுவது

நண்பனின் கியூப் என்பதால் அவன் காட்டிய பாதையிலேயே பணிவாக நடப்பவர்கள் உண்டு. "நீ கல்லறைக் கரு (பாவித்து முடிந்த கார்டுகளின் குவியலை வைத்து ஆடுவது) வச்சிருக்கிறாய்தானே, நான் அதையே எடுக்கிறன்." நல்ல மனசு. ஆனால் அவனுக்கு அதனால் ஒரு சதப் பிரயோசனம் இல்லை. அவன் கருக்களைத் தாண்டி, வலுவான கார்டுகளை மட்டும் பொறுக்கினாலே வெல்லலாமா என்று யாராவது சோதித்தால்தானே அவனுக்குத் தெரியும். நான் வெல்வதற்காக விளையாடுகிறவன் பக்கம். அதற்காக, எந்தக் கியூப் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நீலமும் கறுப்பும் எடுப்பவனும் சோதிக்கவில்லை. அவன் தன் பழக்கத்தை விளையாடுகிறான்.

தோற்ற சூட்டோடு கருத்துச் சொல்வதும் இதில் சேரும். "மச்சான், அந்தக் கார்டைத் தூக்கு." "ஏன்?" "அதாலதான் எனக்கு அடிச்சுப் போட்டான்." அடித்த கார்ட் கண்ணில் நிற்கும், 15 லேண்டோடு டெக் கட்டியது நினைவில் நிற்காது. பிளேன்ரீ குடித்து முடித்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும்.

சிரிப்பைப் பாராட்டு என்று நினைப்பது

சொந்தமாகவே கார்ட் எழுதி அச்சடித்துக் கியூப் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒருகாலம் அதைச் செய்தேன். "100ஆம் நம்பர் பஸ்" என்று ஒரு கார்ட்: மூன்று மனா. அது களத்துக்கு வரும்போது, பின்னாலேயே இன்னொரு பஸ்ஸும் வரும். பாணந்துறை பஸ்ஸுக்காகக் காலி வீதியில் காத்து நின்ற எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மேசையே சிரித்தது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். நான் அதை என் கியூப்பின் உச்சம் என்று நம்பி மூன்று போயாவாக வைத்திருந்தேன்.

நான் கவனிக்காதது ஒன்று. எட்டுப் பேர் இருக்கும் மேசையில் முதல் பக்கற் ஒன்பதாவது முறை எடுக்கும்போது திரும்ப உங்கள் கைக்கு வரும், ஏழு கார்டோடு. அந்த ஏழில் ஒவ்வொரு முறையும் என் பஸ் இருந்தது. எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு கார்ட் எடுத்திருந்தார்கள். வாயால் சொன்ன கருத்து ஒன்று, கையால் சொன்னது வேறு. கை பொய் சொல்லாது என்பதால், திரும்பி வரும் அந்த ஏழு கார்டுகளை எழுதி வைத்துக்கொள்வது கியூப்காரனுக்கு மிகவும் மலிவான பரிசோதனை.

மருந்தை மட்டும் எழுதிக் கொடுப்பது

"அதை எடுத்துட்டு இதைப் போடு" என்பது கருத்தே இல்லை. அது உங்கள் கியூப்பை அவன் பெட்டிக்குள் கட்டும் முயற்சி. உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "பச்சை எடுத்தன். நாலாம் சுற்றுவரை என்னட்டைப் போட ஒன்றும் இல்லை. மூன்று ஆட்டத்திலயும் அப்பிடித்தான்." இதைக் கேட்டால் அவனுக்கே மூன்று வழி தோன்றும். அதில் ஒன்று உங்களுக்குத் தோன்றாததாக இருக்கும்.

கேட்கிறவன் பக்கமும் பிழை உண்டு. ஒருவர் குறை சொல்லத் தொடங்கியதும், "இல்லையடா, நீ அதைச் சரியா விளையாடேல்லை" என்று குறுக்கே விழுந்தால் அடுத்த முறை "நல்லா இருந்தது" மட்டும்தான் கிடைக்கும். ஒருவருக்கு விளையாடத் தெரியாமல் போனது என்பதும் ஒரு தகவல்தான். கார்டில் எழுதியிருப்பது விளங்கவில்லை என்று அர்த்தம். ஒரே இரவில் 40 கார்டை மாற்றுவதும் வேண்டாம். எது எதைச் சரிப்படுத்தியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. "எப்பிடி இருந்தது?" என்பதை விட்டுவிட்டு, "எந்தக் கார்ட் கடைசிவரை கையிலேயே கிடந்தது?", "எந்த இடத்தில எதை எடுக்கிறது என்று கனநேரம் யோசிச்சாய்?" என்று கேளுங்கள்.

அசல் கார்டுக்குப் பதிலாக அச்சடித்துப் பாவிக்கும் மாற்றுக் கார்டுகளைப் பற்றிச் சுருக்கமாக: நண்பர்களுக்குள் தாராளமாகப் பாவிக்கலாம், அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் செல்லாது. எல்லாக் கார்டையும் ஒரே வகை ஸ்லீவில் (உறையில்) போட்டு, அச்சடித்ததற்குப் பின்னால் ஒரு பழைய லேண்டை வையுங்கள், தடிப்பால் கண்டுபிடிக்க முடியாது. பளபளக்கும் ஃபாயில் கார்டுகள் எங்கள் ஊர் ஈரப்பதனுக்கு வளைந்துவிடும்; அடுக்கில் இருக்கும்போதே எது என்று தெரியும்.

போன போயாவுக்கு என் கியூப்பை விளையாட ஐந்தாவதாக வந்தவன் அதிகம் கதைக்காத பெடியன். எழும்ப முன்னர் தன் டெக்கை மனா விலை வரிசையில் அடுக்கி, டெக்கில் சேராத கார்டுகளைப் பக்கத்தில் பரப்பி, படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வரி: "சேராத 22இல 9 வெள்ளை. முதல் பக்கற்றில வெள்ளை எடுத்தன், பிறகு வரவேயில்லை." இரவு பெட்டியைத் திறந்து வெள்ளைக் கார்டுகளை எண்ணினேன். மற்ற நிறங்களில் 60, வெள்ளையில் 48. நான்தான் பிழையாக எண்ணியிருக்கிறேன்.