ஊருக்குப் போகுமுன் குரோனரின் பழைய விலையையும் பாருங்கள்

நோர்வேயிலிருந்து யாழ்ப்பாணம் போகிற நாங்கள், இன்றைக்கு ஒரு குரோனர் எத்தனை ரூபாய் என்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். ஊரில் இறங்கியதும் வரும் காசுக் கதைகளோ பாதிக்குமேல் பழையவை. அண்ணைக்குக் கொடுத்த கடன், காணிக்கு அனுப்பிய தொகை, வீட்டு வேலைக்குத் தவணை தவணையாகப் போன காசு. அவற்றைப் பேச இன்றைய விலை உதவாது, காசு கைமாறிய நாளின் விலைதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2013இல் அண்ணைக்கு 50,000 குரோனர் அனுப்பினேன். அம்மா தன் கொப்பியில் "11 லட்சம்" என்று மட்டும் எழுதி வைத்தா. 2022 மே மாதம் அண்ணை அதே 11 லட்சத்தை எண்ணி வைத்துக்கொண்டு நின்றார். அன்றைய விலைக்கு அது 30,000 குரோனர்கூட வராது. அவரிலும் பிழையில்லை, என்னிலும் பிழையில்லை. கடன் எந்த நாணயத்தில் என்று நாங்கள் முதலிலேயே பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போது திகதி, குரோனர், ரூபாய் மூன்றையும் ஒரே வரியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கிறோம். நீங்களும் இந்தப் பயணத்திலேயே தொடங்குங்கள்.

சரி, பழைய விலையை எப்படி எடுப்பது? இரண்டும் சிறிய நாணயங்கள். குரோனரும் ரூபாயும் பெரும்பாலும் டொலர் வழியாகத்தான் சந்திக்கின்றன. ஆகவே ஒரே திகதிக்கு இரண்டு எண்கள் போதும். ஒரு டொலருக்கு எத்தனை ரூபாய் என்பது இலங்கை மத்திய வங்கியின் தளத்தில் இருக்கிறது. ஒரு டொலருக்கு எத்தனை குரோனர் என்பதை நோர்வேயின் மத்திய வங்கியான நோர்கெஸ் பாங்க் வேலை நாட்களில் வெளியிடுகிறது. ரூபாயைக் குரோனரால் வகுத்தால் விலை வந்துவிடும். சனி, ஞாயிறு என்றால் முந்திய வேலை நாளை எடுங்கள்.

வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் படம் பலர் நினைப்பதுபோல் இல்லை. 2001இல், ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்ட ஆண்டில், ஒரு குரோனர் 10 ரூபாய் அளவில் இருந்தது. 2008 நடுப்பகுதியில் 21. 2013இல் 22. 2021இல் 23. கவனியுங்கள், 2008க்கும் 2021க்கும் இடையில் டொலர் 108 ரூபாயிலிருந்து 200க்குப் போய்விட்டது. எங்கள் குரோனரோ, இடையில் இறங்கி ஏறினாலும், கடைசியில் அநேகமாக அதே இடத்தில் நின்றது. காரணம், குரோனரும் டொலருக்கு எதிரே விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் விலை சரிந்தால் குரோனரும் சரிவது வழக்கம். 2016 ஜனவரியில் எண்ணெய் பீப்பாய் 30 டொலருக்குக் கீழே போனபோதும், 2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியபோதும் ஒரு குரோனருக்கு 16 ரூபாய் அளவுதான் கிடைத்தது. அந்த மாதங்களில் காணிக்குக் காசு அனுப்பியவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சானின் டொலர்க் கணக்கை வைத்து உங்கள் குரோனரை அளக்காதீர்கள்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைப்பதை விட்டது. சில வாரங்களில் டொலர் 200இலிருந்து 360 அளவுக்கு ஏறியது, குரோனர் 37ஐத் தொட்டது. 2024 முடிவில் அது மறுபடி 26 அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே 2022இல் ஒப்பந்தகாரர் சொன்ன மதிப்பீட்டை அன்றைய விலையில் குரோனராக்கி மனதில் வைத்திருந்தால், அதை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. 2021 கடைசி மாதங்களுக்கும் 2022 தொடக்கத்துக்கும் உள்ள அரச விலையை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். அப்போது வங்கியில் டொலர் 200 சொச்சம், உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்பும் வழியில், அதைவிட நல்ல விலை. உண்டியல் சட்டத்துக்கு வெளியே நடப்பது, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் கையில் கிடைத்த தொகைக்கும் வங்கிப் பதிவுக்கும் இடைவெளி இருந்தால், இடையில் யாரோ எடுத்துவிட்டார் என்று உடனே நினைத்துவிடாதீர்கள்.

கையில் கொண்டுபோகும் காசுக்கு வருவோம். 25,000 குரோனருக்கு மேல் நோர்வேயிலிருந்து கொண்டுபோனால் அங்கேயே சுங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். குரோனரை யூரோவாக்கி, யூரோவை ரூபாயாக்கினால் இரண்டு தடவை இழப்பீர்கள். குரோனராகவே கொண்டுபோவதென்றால், மத்திய வங்கி அனுமதி பெற்ற இடத்தில் குரோனர் வாங்குகிறார்களா, என்ன விலை தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் வகுத்து எடுத்த எண்ணைத் துண்டில் எழுதி வைத்திருந்தால், அவர்கள் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே தெரியும். பற்றுச்சீட்டை எறியாதீர்கள், மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்ற அது தேவைப்படும். அட்டை போடும் இயந்திரம் குரோனரில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று ரூபாயைத் தெரிவு செய்யுங்கள்.

அலுமாரிகளையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். போன முறை மாமி சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு 1000 குரோனர் தாளை எடுத்துத் தந்தா. ஓவியர் மூங்கின் முகம் போட்ட பழைய தாள், எப்போதோ நான் கொடுத்தது. அது 2020 நவம்பரோடு செல்லாமல் போய்விட்டது, கடையில் வாங்க மாட்டார்கள். ஆனால் செல்லாமல் போன நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்கு நோர்கெஸ் பாங்க் மாற்றித் தரும். பழைய 100, 200 தாள்கள் 2018 மே மாதமே செல்லாமல் போனவை, அவற்றை முதலில் தேடுங்கள்.