ஜாம் போத்தலில் பரமேசியம்: மலைக் குளிரில் புரோட்டிஸ்டுகளை வளர்த்துப் பார்ப்பது எப்படி?

மகள் தரம் 10இல் இருந்தபோது விஞ்ஞானத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். நீரில் வாழும் ஒற்றைக் கல உயிர்களைப் பார்த்துப் படம் வரைய வேண்டும். இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறப்போடு, நாலைந்து நாளில் பரமேசியம் நீந்தும். போட்டோம். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் நாற்றம் மட்டும்தான். "செத்துப்போச்சுப்பா" என்று அவள் போத்தலைக் கானில் கவிழ்த்துவிட்டாள். அடுத்த இரண்டு போத்தல்களுக்கும் அதே கதி.

நாலாவது போத்தல் பிழைத்ததற்குக் காரணம் எங்கள் சோம்பேறித்தனம். விடுமுறைக்குக் கண்டிக்குப் போனபோது அதைக் கொட்ட மறந்துவிட்டோம். திரும்பி வந்து பார்க்கும்போது பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒரு சொட்டு எடுத்து வைத்தால், தேர்க்கூட்டம் மாதிரி பரமேசியம்.

அப்போதுதான் உறைத்தது. அந்த நாலைந்து நாள் கணக்கு, வெக்கையான ஊர்க்காரர்கள் எழுதிய கணக்கு. எங்கள் வீடு ஹட்டனுக்கு மேலே, 1,200 மீற்றருக்கும் உயரத்தில். பகலிலேயே ஸ்வெட்டர் போடும் ஊரில் பக்டீரியாவும் மெதுவாகத்தான் பெருகும், அதைத் தின்கிற பிராணியும் மெதுவாகத்தான் பெருகும். நுவரெலியா பக்கம் என்றால் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

பாடப்புத்தகம் புரோட்டிஸ்டா என்று ஒரு இராச்சியம் சொல்லும். பரீட்சைக்கு அது போதும். உண்மையில் அது ஒரே குடும்பம் அல்ல. கரு உள்ள கலங்களில் விலங்கு, தாவரம், பங்கசு என்று எதிலும் சேராததையெல்லாம் போட்டு வைத்த மூட்டை. 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் வைத்த பெயர்தான் இன்னும் ஓடுகிறது. மரபணுக்களை ஒப்பிட ஆரம்பித்த பிறகு மூட்டை அவிழ்ந்துவிட்டது. பரமேசியத்துக்குக் கிட்டிய உறவு, மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம். குட்டையில் பச்சையாக நீந்தும் இயூக்கிளினாவுக்குச் சொந்தம், தோலில் புண் வைக்கும் லீஷ்மேனியா. அமீபாவோ பரமேசியத்தைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். இதைச் சொன்னபோது என் அம்மா, மகளின் அப்பாயி, "அப்ப கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பணுமே" என்றார்.

என்னென்ன வேண்டும்

வாய் அகன்ற கண்ணாடி ஜாம் போத்தல், சொட்டு மருந்துக் குப்பியின் பிலர் (உறிஞ்சிச் சொட்டுவிடும் குழாய்), கொஞ்சம் பஞ்சு, வழுக்கி (சொட்டை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடு), அதை மூடும் மூடித்துண்டு. இவை எளிது. நுணுக்குக்காட்டியில்தான் காசு வீணாகும்.

"1200 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்த பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் ஒன்றை இணையக் கடையொன்றில் வாங்கி ஏமாந்தேன். அதில் 1200 மடங்கு மங்கலாகத்தான் தெரிந்தது. நமக்குத் தேவை 40 மடங்கும் 100 மடங்கும்தான். 400 இருந்தால் நல்லது. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். பாடசாலையில் கண்ணாடி வைத்த பழைய உலோக நுணுக்குக்காட்டி தூசு படிந்து கிடக்கும். அதிபரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை பயன்படுத்தக் கிடைத்தால், புதிதாக வாங்குவதைவிட அதுவே மேல். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு வடிவமைத்த போல்ட்ஸ்கோப் என்ற கடதாசி நுணுக்குக்காட்டியும் எனக்குப் பிடிக்கும். மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், 140 மடங்கு காட்டும். ஆனால் ஓடுகிற பரமேசியத்தை அதில் துரத்துவது சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

போத்தல் போடுவது

காய்ந்த புல் ஒரு பிடி எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். புல் எது என்பதும் முக்கியம். முதலில் நான் போட்டது மானாப்புல், மலை முழுக்க அதுதானே நிற்கிறது. ஒன்றும் வளரவில்லை. அதன் வாசனை எண்ணெய்தான் காரணம் என்பது என் சந்தேகம். கினிப்புல்லுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. புல் கிடைக்காதவர்கள் அரை லீற்றர் தண்ணீருக்கு நாலைந்து அரிசி மணி போட்டாலும் சரிவரும். பத்துப் பதினைந்து போட்டால் ஊசிப்போய், பிராணவாயு தீர்ந்து, எல்லாம் செத்துவிடும்.

தண்ணீர் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீராக இருந்தால் அப்படியே ஊற்றலாம். டவுன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சேருங்கள். மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் கானிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மருந்து அடித்த தண்ணீர் அது.

இனி நான் கோட்டை விட்ட இன்னோர் இடம். கொதித்த புல்லையும் சுத்தமான தண்ணீரையும் மட்டும் வைத்துக்கொண்டு பரமேசியத்துக்குக் காத்திருந்தால் தலைகீழாக நின்றாலும் வராது. காய்ந்த புல்லில் கொல்போடா போன்ற சில உயிர்கள் உறை கட்டிக்கொண்டு தூங்கும். கொதிக்கவைக்காமல் போட்டால் அவை விழித்துக்கொள்ளும். பரமேசியம் அப்படி உறை கட்டும் ஜாதி அல்ல. ஆகவே விதைத் தண்ணீர் வேண்டும். வாவி ஓரத்திலோ, பாசி பிடித்த பழைய தொட்டியிலோ, அடியில் அழுகிக் கிடக்கும் இலையோடு ஒரு கோப்பை எடுத்துப் போத்தலில் சேருங்கள். 'உலக முடிவு' என்கிற மலைவிளிம்பைப் பார்க்கப் போகிற வழியில் ஹோட்டன் சமவெளியில் எடுக்கலாமே என்று நினைக்காதீர்கள். அது தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

மூடியை இறுக்காதீர்கள். மெல்லிய துணி கட்டினால் போதும். வெயில் நேராகப் படாத, அடுப்பங்கரைச் சுவரோரம் போன்ற கொஞ்சம் கதகதப்பான இடம் பார்த்து வையுங்கள்.

காத்திருப்பு

எங்கள் வீட்டுக் கணக்கு இது. நாலாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது, அது பக்டீரியா. எட்டாம் நாள் வாக்கில் சவுக்கு மாதிரி வாலை வீசி, தூசு போல அதிரும் சவுக்குமுளை உயிர்களும், சிறுநீரக வடிவில் உருண்டு ஓடும் கொல்போடாவும். பதின்மூன்று பதினாலில் பரமேசியம். அதற்கும் பிறகு, தண்ணீர் தெளிந்து வரும்போது, அடிமண்டியில் அமீபா. ஒரு கூட்டம் தின்று தீர்க்க, அடுத்த கூட்டம் வரும். அதனால் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடாமல் இரண்டு நாளுக்கொரு சொட்டு எடுங்கள். பரமேசியம் மேற்பரப்பை ஒட்டிக் கூடும், அமீபா அடியில் ஊரும். பிலரை எங்கே அமுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விருந்தாளி மாறுவார்.

வெளிச்சத்தைக் குறையுங்கள்

இந்தப் பதிவை எழுதவே இதுதான் காரணம். நல்ல சொட்டை வைத்து, நல்ல நுணுக்குக்காட்டியில், ஒரு முழு மாலை நேரம் வெறும் வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எதையும் நன்றாகப் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்றுதானே நினைப்போம்? போன் டோர்ச்சை முழு வீச்சில் அடித்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

இந்த உயிர்கள் கண்ணாடி மாதிரி. நிறமே இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் ஐஸ் கட்டியை எப்படிப் பார்க்கிறோம்? அதன் விளிம்பை வைத்துத்தான். பளிச்சென்ற வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பாய்ந்தால் விளிம்பு கரைந்துவிடும். மேடைக்குக் கீழே ஒரு வட்டத் தகடு இருக்கும், அதிலுள்ள நெம்பைத் தள்ளினால் துளை சிறுக்கும். அதைப் பாதிக்கு மேல் மூடுங்கள். மூடிய அந்த நொடியில் வெறும் வெள்ளைக்குள்ளிருந்து செருப்பு வடிவத்தில் ஒன்று, ஓரம் முழுக்க மயிர் அதிர, தன்னைத்தானே திருகிக்கொண்டு குறுக்கே போனது. மகள் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தகடு இல்லாத நுணுக்குக்காட்டியா? கறுப்பு அட்டையில் மூன்று மில்லிமீற்றர் அளவில் துளை போட்டு மேடைக்கு அடியில் ஒட்டுங்கள். மூடுபனி நாட்களில் கண்ணாடியில் வரும் வெளிச்சம் போதாது. போன் டோர்ச் மேல் டிஷு இரண்டு மடிப்பு போட்டால் சமாளிக்கலாம்.

எப்போதும் 40இல் ஆரம்பியுங்கள். அப்போது கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் குறுக்களவு பொதுவாக 4.5 மில்லிமீற்றர் இருக்கும், 100இல் 1.8. தெளிவான அடிமட்டத்தை வைத்து ஒரு தடவை அளந்துகொண்டால், பிறகு எதைப் பார்த்தாலும் அளவு சொல்லலாம். பரமேசியம் கோடேற்றம் என்ற இனம் கால் மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும். நல்ல கண் உள்ளவருக்குப் போத்தலிலேயே வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

ஓட்டம் அதிகமாக இருந்தால் பஞ்சில் இரண்டு மூன்று இழையைப் பிரித்துச் சொட்டுக்குள் போட்டு மூடுங்கள். இழைகளுக்கிடையில் மாட்டிக்கொண்டு நிதானமாகும். அப்போது 400க்குப் போய் உடம்பின் இரண்டு முனைகளிலும் பாருங்கள். ஒரு வட்டம் மெல்லப் பெருத்து, சட்டென்று காணாமல் போகும். உடனே சுற்றிலும் நட்சத்திரக் கதிர் போலக் குழாய்கள் நிறையும், மறுபடி வட்டம். அதுதான் சுருங்கத்தக்க புன்வெற்றிடம். நன்னீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டிருக்கும், அதை இறைத்து வெளியே தள்ளாவிட்டால் கலம் வெடித்துவிடும். மழைக்காலத்தில் ஒழுகும் லயத்துக் காம்பறாவில் வாளி வைத்து ஊற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிக மெல்லிய உப்புநீர் ஒரு துளி விட்டுப் பாருங்கள், இறைக்கும் வேகம் குறையும்.

கறுத்த தடித்த விளிம்போடு அசையாமல் நிற்கும் அழகான வட்டங்கள் காற்றுக் குமிழிகள். நான் அவற்றை அமீபா என்று படம் வரைந்து கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன்.

போத்தலுக்கு வெளியே

போத்தல் பழுக்கும்வரை சும்மா இருக்க முடியாதவர்களுக்கு நாலு இடம் சொல்கிறேன்.

கல் மதிலில் வளரும் பாசிமெத்தையை ஒரு பிடி பிடுங்கிக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். ஓடு கட்டிய அமீபாக்கள் கிடைக்கும். ஆர்செல்லா தேன் நிறத்தில், நடுவில் துளையுள்ள உளுந்து வடை மாதிரி இருக்கும். டிப்லூஜியா மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டி வீடு கட்டும். ஒற்றைக் கலம், மூளை கிடையாது, ஆனாலும் கொத்தன் வேலை!

மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பச்சையாகத் தேங்கும் குட்டையில் இயூக்கிளினா இருக்க வாய்ப்பு அதிகம். பச்சை என்பதால் மட்டும் நம்பாதீர்கள். ஒரு பக்கம் சிவப்புக் கட்பொட்டும், நெளிந்து நெளிந்து உருவம் மாற்றும் உடம்பும் இருக்க வேண்டும்.

ஓடைக் கல்லில் வழுக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டினால் தயற்றங்கள். சிலிக்கா ஓட்டுக்குள் இருக்கும் சின்னப் படகுகள். பூமியில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இவற்றின் கணக்கு. இவற்றின் சொந்தக்காரன் ஒருவனை நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்: இலை கருகச்செய்யும் பைட்டொப்தொரா. பங்கசு மாதிரி நூலாக வளர்ந்தாலும் அது பங்கசு அல்ல, தயற்றங்களின் கிளையில் வருவது. 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைத் தொடக்கிவைத்ததும் அதுதான். தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடுவது வேறு, அது அசல் பங்கசு.

நீர்ச்செடி வேரில் வோர்ட்டிசெல்லா. காம்பின் மேல் மணி மாதிரி நிற்கும். மேசையைத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். பிறகு, ஒன்றும் நடக்காதது மாதிரி, மெதுவாக நிமிரும். அரை மணி நேரம் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தோம்.

நம் ஊரில் மிளகுக்குப் பஞ்சமில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1676இல் நெதர்லாந்தின் டெல்வ்ற் நகரத்தில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை, தண்ணீர் முழுக்கக் குட்டி உயிர்கள் கிடைத்தன. நானும் மிளகுத் தண்ணீர் போட்டேன், மூன்று வாரம் எடுத்தது.

பின்குறிப்புகள் (கருத்துகளைப் படித்த பிறகு சேர்த்தவை)

பதுளையிலிருந்து ஒருவர் பஞ்சுக்குப் பதில் வெண்டிக்காய்க் கொழகொழப்பு ஒரு துளி விட்டாராம். முயன்று பார்த்தேன், பஞ்சைவிட நன்றாக வேகம் குறைகிறது. ஆனால் வழுக்கியைக் கழுவப் பெரும்பாடு.

பலர் படம் அனுப்பி "இது என்ன புரோட்டிஸ்ட்?" என்று கேட்டது, தலையில் இரண்டு சக்கரம் சுழலும் பிராணி. அது ரொட்டிபர், பல கலங்கள் கொண்ட விலங்கு. ஒற்றைக் கலமான ஸ்டென்டர் இரண்டு மில்லிமீற்றர் வரை நீளும், அதைவிட இந்தப் பல கல விலங்கு சிறியதாக இருக்கும். அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஒரு தாய் கேட்டிருந்தார், பிள்ளைக்கு நோய் வராதா என்று. போத்தலில் வளர்வதில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. மலேரியா பயமும் வேண்டாம், அது நுளம்பால் பரவுவது, அதோடு 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. ஆனால் வயிற்றோட்டம் தரும் ஜியார்டியாவும் சீதபேதி தரும் என்டமீபாவும் இதே கூட்டம்தான், மலம் கலந்த தண்ணீரில் வரும். ஆகவே மலசலகூடக் கான் பக்கம் போகாதீர்கள், பிலரை வாயால் உறிஞ்சாதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

முடிந்ததும் போத்தலைப் பூச்செடிக்கு ஊற்றலாம். கால் போத்தலை மட்டும் மிச்சம் வைத்துப் புதுப் புல்தண்ணீரில் சேருங்கள். அடுத்த போத்தலுக்குப் பதினாறு நாள் காத்திருக்கத் தேவையில்லை, எங்கள் வீட்டில் ஆறு நாளில் வந்துவிட்டது.