வடிவம் கலைந்த திகில் நாவல்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் யாராவது 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' வாங்கிவிட்டேன் என்று குழுவில் படம் போட்டால், அடுத்து அவரிடமிருந்து என்ன புகார் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மார்க் இஸட். டேனியலெவ்ஸ்கி 2000-இல் வெளியிட்ட நாவல், எழுநூறு பக்கத்தைத் தாண்டும். புரட்டிப் பார்த்தாலே ஆசை வரும்: ஒரு பக்கத்தில் நாலே சொற்கள், இன்னொன்றில் எழுத்து தலைகீழாக, 'ஹவுஸ்' என்ற சொல் வரும் இடமெல்லாம் நீலத்தில். அந்த ஆசையில் ஆரம்பித்து, நாங்களெல்லாம் ஒரு காலத்தில் இடறிய அதே இடங்களில் இடறி, கடைசியில் "இதில் என்ன பயம் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இரவில் படிக்கலாமா, ஆங்கிலம் கடினமா என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன், அது அவரவர் பாடு.

அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

நாவலின் அமைப்பு இது. வில் நேவிட்சன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் குடும்பத்தோடு வர்ஜீனியாவில் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறார். அளந்து பார்த்தால் வீட்டின் உள் அளவு வெளி அளவைவிடக் கால் அங்குலம் அதிகம். அப்புறம் இருக்கவே முடியாத இடத்தில் ஓர் இருட்டு நடைபாதை திறக்கிறது. அதையெல்லாம் அவர் ஆவணப்படமாக எடுக்கிறார். அந்தப் படத்தைப் பற்றி ஸாம்பனோ என்ற முதியவர் மாபெரும் ஆய்வு ஒன்றை எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். அவருக்குக் கண் தெரியாது. லாஸ் ஏஞ்சலிஸில் பச்சை குத்தும் கடையில் வேலை பார்க்கும் ஜானி ட்ரூயன்ட் கையில் அந்தக் காகிதங்கள் சிக்குகின்றன. அவன் அவற்றை ஒழுங்குபடுத்தி, அடிக்குறிப்புகளில் தன் கதையையும் எழுதிக்கொண்டே போகிறான். அப்படி ஒரு படமே கிடையாது என்பதையும் அவனே சொல்லிவிடுகிறான். அவனுக்கும் மேலே, பெயரில்லாத பதிப்பாசிரியர்கள். கதைக்குள் கதை நமக்கொன்றும் புதிதில்லை, விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் சொல்லாததா. ஆனால் வேதாளம் சொல்லும் கதையில் விக்கிரமாதித்தன் கை வைப்பதில்லை. இங்கே ஜானி வைக்கிறான்.

வட்டத்தில் ஒரு தம்பி, கணிசமான பணம் கொடுத்து வரவழைத்த புத்தகத்தை முடித்துவிட்டுச் சொன்னான்: "வீட்டுக் கதை நல்லா இருக்குண்ணே. அந்தப் பச்சை குத்துற பையன் புலம்பல்தான் தாங்கல, அதை விட்டுட்டுத்தான் படிச்சேன்."

"அப்போ அந்த வாட்டர் ஹீட்டர்?"

"எந்த ஹீட்டர்?"

ஆரம்பத்திலேயே, நேவிட்சன் வீட்டுக் காட்சி ஒன்றில், வாட்டர் ஹீட்டர் கெட்டுப்போன பேச்சு வரும். யாரும் கவனிக்காத வரி. உடனே ஜானியின் அடிக்குறிப்பு: ஸாம்பனோ எழுதியது 'ஹீட்டர்' மட்டும்தான், 'வாட்டர்' நான் சேர்த்தது, ஏனென்றால் என் வீட்டில் இன்று வெந்நீர் வரவில்லை. அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். ஆனால் அதைப் படித்த பிறகு மேலே இருக்கும் எந்த வரியையும் நிம்மதியாக நம்ப முடியாது. இவன் ஒப்புக்கொண்டது ஒன்று, ஒப்புக்கொள்ளாதது எத்தனை? நடைபாதைக்குள் கேட்கும் உறுமல் ஸாம்பனோ எழுதியதா, இவன் தூக்கம் கெட்டுச் சேர்த்ததா? இந்தச் சந்தேகம்தான் நாவலின் பயம். அடிக்குறிப்பை விட்டவருக்குக் கிடைப்பது ஒரு பேய் வீட்டுக் கதை மட்டும். அது இதைவிட மலிவாக, இதைவிட நன்றாகவே வேறு புத்தகங்களில் கிடைக்கிறது.

நாவலிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடமும் ஓர் அடிக்குறிப்புதான். மேலே ஸாம்பனோ தத்துவம் பேசிக்கொண்டிருக்கிறார், கொட்டாவி வரும் பகுதி. கீழே ஜானி நம்மிடம் நேரடியாகத் திரும்புகிறான்: இந்தச் சொற்களை மட்டும் பார், பக்கத்தின் விளிம்பைத் தாண்டிக் கண்ணை விடாதே, இப்போது உன் பின்னால் ஏதோ இருப்பதாக நினைத்துக்கொள் என்கிறான். கையில் புத்தகம் இருக்கும் வரை கண் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும், அவன் சொல்வதைக் கேட்காமல் இருக்க நமக்கு வழியே இல்லை.

அதற்காக ஓர் எழுத்து விடாமல் படியுங்கள் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் நடைபாதைக்குள் போனவர்கள் வழி தவறும்போது அடிக்குறிப்புகளும் பெருத்துவிடும். கட்டடங்களின் பெயர்கள், ஆட்களின் பெயர்கள், சில பட்டியல்கள் தலைகீழாக. நீலக் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒரு பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும், தாளின் மறுபக்கத்தில் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும். அவை சுவர்கள். தொட்டுக்கொண்டே நடந்தால் போதும். எதைப் படிப்பது, எதைத் தடவிவிட்டுப் போவது என்று எழுத்துருவே காட்டிக்கொடுத்துவிடும்: ஜானியினுடையது தட்டச்சு எந்திர எழுத்து, அதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். ஒரு குறிப்பு இன்னொன்றுக்கு அனுப்பி, அது உங்களைக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டால் கோபப்படாதீர்கள், கதையில் வருபவர்களும் அந்த நேரத்தில் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. முதல் நூறு பக்கத்துக்குள்ளேயே பதிப்பாசிரியர்களின் குறிப்பு ஒன்று, ஜானியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பின்னிணைப்பில் உள்ள அவன் அம்மாவின் கடிதங்களைப் பாருங்கள் என்று சொல்லும். 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். அப்போதே போய்ப் படியுங்கள். மனநலக் காப்பகத்திலிருந்து அவள் எழுதியவை அவை. படித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தம்பி சொன்ன 'புலம்பல்' வேறு மாதிரி கேட்கும்.

போனில் பிடிஎஃப்

வேண்டாம். பக்கவாட்டில் கிடக்கும் எழுத்தைப் படிக்கப் போனைத் திருப்பினால், திரைச் சுழற்சியை நிறுத்தி வைக்காதவரை திரையும் கூடவே திரும்பிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் புதிராக்குவது

அதே கடிதங்களில் ஒன்றில், அடுத்த கடிதத்தை ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தாகக் கூட்டிப் படி என்று அம்மா மகனுக்குச் சொல்கிறாள். பென்சிலை எடுத்து உட்காருங்கள், உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும். சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஒரு பூட்டு திறந்ததும் எல்லாமே பூட்டாகத் தெரிகிறது, ஒவ்வோர் எழுத்துப்பிழைக்கும் கணக்குப் போடுகிறார்கள், வரைபடம் வரைகிறார்கள். கணக்குப் போடுகிறவருக்குப் பயம் வராது, வேலை மும்முரத்தில் மறந்துவிடும்.

விளக்க வீடியோவை முதலில் பார்ப்பது

முடித்த பிறகு பாருங்கள்.

'எஸ்.' நாவலைப் பழைய புத்தகமாக வாங்குவது

ஜே.ஜே. ஏப்ராம்ஸ் யோசித்து டக் டார்ஸ்ட் எழுதி 2013-இல் வந்தது. திகில் என்பதைவிட மர்மம் என்று சொல்லலாம். பழைய நூலகப் புத்தகம் போன்ற தோற்றம், ஓரங்களில் இரண்டு வாசகர்கள் பல நிற மைகளில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள், நடுவே செருகிய அஞ்சலட்டைகள், கடிதங்கள், காகித நாப்கினில் வரைந்த வரைபடம், சங்கேத வட்டு. பழைய பிரதி என்றால் இவற்றில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம், விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். புதிதாகவே வாங்கினாலும் முதல் வேலையாக ஒவ்வொரு செருகலின் பின்னாலும் அது இருந்த பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.

வடிவம் மட்டும் பயமுறுத்திவிடும் என்று நம்பி எழுதுவது

இது எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு. 1897-இல் வந்த 'டிராகுலா' முழுக்க நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைச் செய்தி. ஏன் அப்படி? யாருக்கும் முழு விஷயமும் தெரியாது, மீனா என்ற பாத்திரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வரிசைப்படுத்திய பிறகுதான் எதிரி யார், எப்படி வேலை செய்கிறான் என்பதே அவர்களுக்குப் பிடிபடுகிறது. அந்தக் காகிதங்கள்தான் அவர்களுடைய ஆயுதம் என்பதால் டிராகுலா பிரபு வந்து அவற்றை எரிக்கிறான், நல்லவேளையாகப் பெட்டகத்தில் ஒரு நகல் இருக்கிறது. இத்தனை பேர் எழுதும் புத்தகத்தில் டிராகுலாவுக்கு மட்டும் நாட்குறிப்பு இல்லை. ஜப்பானில் முகமூடி அணிந்தே வெளியே வரும் உகெட்சு என்ற எழுத்தாளர், வீட்டு வரைபடங்களை வைத்து ஒரு திகில் நாவல் எழுதியிருக்கிறார். ஜன்னலே இல்லாத குழந்தை அறையை யாரும் விளக்குவதற்கு முன்பே நாமே படத்தில் பார்த்துவிடுகிறோம்.

என்னிடம் படிக்கச் சொல்லி வரும் கதைகளில் பாதி வாட்ஸ்அப் உரையாடலாக இருக்கிறது. பெரும்பாலானவற்றைச் சாதாரணப் பத்தியாக மாற்றி எழுதினால் எதுவும் குறையாது, அப்படியென்றால் அந்தக் கட்டங்கள் வெறும் அலங்காரம். ஒரே ஒரு பெண் மட்டும், அனுப்பிய செய்திகளை யாரோ வரிசையாக அழித்துக்கொண்டே வருவதுபோலவும், அழிக்கப்பட்ட இடங்களை வைத்தே நாம் கதையை ஊகிப்பதுபோலவும் எழுதியிருந்தார். அதைப் பத்தியாக மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. முடிவை மட்டும் இன்னும் ஒருமுறை எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.