சத்துணவு பத்தி எழுதுறீங்களா? போடுறதுக்கு முன்னாடி நாங்க செக் பண்ற விதம் இதுதான்

இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டம் சூழ்ந்த தலவாக்கலையில நாங்க மூணு பேர் சேந்து மாசம் ஒரு தடவ நாலு பக்கத்துல சத்துணவு இதழ் ஒண்ணு போடுறோம், வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பாவும் லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) போட்டோகாப்பியாவும் போகுது. விளம்பரம் இல்ல, கம்பனி காசு இல்ல. இதே மாதிரி ஒண்ணு தொடங்கணும்னு பண்டாரவளை, பொகவந்தலாவ பக்கத்துல இருந்து தம்பி தங்கச்சிங்க கேட்டுட்டே இருக்காங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன். டிசைன், பிரிண்ட் எல்லாம் யூடியூப்ல பாத்துக்கலாம். ஒரு தகவல போடலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது, அது மட்டும்தான் இங்க.

1. நம்பரையும் வாக்குறுதியையும் தனியா பிரிங்க

கட்டுரை முடிஞ்சதும் அதுல இருக்கிற ஒவ்வொரு நம்பரையும், "குணமாகும்", "தடுக்கும்", "அதிகரிக்கும்" மாதிரி ஒவ்வொரு வாக்குறுதியையும் கூகுள் ஷீட்ல வரிக்கு ஒண்ணா போடுங்க. மூணு பேரும் ஒரே நேரத்துல பாக்கலாம், யார் எப்ப மாத்தினாங்கன்னும் தெரியும், அதனால நோட்டுப் புத்தகத்த விட இதுதான் நல்லம்.

2. எங்க இருந்து வந்திச்சுன்னு பாருங்க

"ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க" மட்டும் இருந்தா அந்த வரிய வெட்டிடுங்க. ஆய்வு தேட பப்மெட்ங்கிற மருத்துவ ஆய்வுத் தளம் போதும், அதுவும் சுருக்கத்த மட்டும் படிச்சிட்டு எழுதாதீங்க. உணவுல இருக்கிற சத்துக்கு நான் முதல்ல திறக்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணை, 528 உணவு இருக்கு, நம்ம சமையல்ல வர்ற சாமான் நிறைய அதுல கிடைக்கும். அதுக்கு அப்புறம் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தோட உணவுச்சத்து அட்டவணை, ஃபுட்டேட்டா சென்ட்ரல். கலோரி ஆப் எதையும் நான் நம்புறதில்ல, பல ஆப்ல பாவிக்கிறவங்களே நம்பர் போடுறாங்க.

3. காஞ்சதா, பச்சையா, வெந்ததா?

இங்கதான் நாங்க விழுந்தோம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

"முருங்கை இலையில ஸ்பினாச் கீரைய விட 25 மடங்கு இரும்புச்சத்து"ன்னு ஒரு தகவல் சுத்திக்கிட்டு இருக்கே, அத நாங்களும் பெட்டி கட்டி முதல் பக்கத்துல போட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு மிட்வைஃப் மிஸ் போன் பண்ணாங்க. தோட்டத்தோட மேல் டிவிஷன்ல (மேல் பிரிவுல) அஞ்சு மாச கர்ப்பிணி தங்கச்சி ஒருத்தங்க கிளினிக்ல குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய நிப்பாட்டிட்டு, டவுன்ல முருங்கைத் தூள் பாக்கெட் வாங்கி தெனம் ஒரு தேக்கரண்டி சுடுதண்ணில கலக்கி குடிக்கிறாங்களாம், ஏன்னு கேட்டா எங்க இதழ எடுத்து காட்டினாங்களாம். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

உக்காந்து கணக்கு பாத்தா, காஞ்ச தூளையும் பச்சைக் கீரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்ட ஒப்பீடு அது. இலைய காய வச்சா தண்ணி போயிடும், அதே 100 கிராமுக்குள்ள எல்லா சத்தும் நெருக்கமா வந்திடும். பச்சைக்கு பச்சை பாத்தா அமெரிக்க அட்டவணைப்படி முருங்கை இலை 100 கிராம்ல 4 மில்லிகிராம், ஸ்பினாச்ல 2.7, அதாவது ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். தூளுக்கு வழக்கமா சொல்றது 100 கிராமுக்கு 28 மில்லிகிராம், அதுவே பச்சை ஸ்பினாச்ச விட பத்து மடங்குதான், 25 இல்ல, ஆனா யாரு 100 கிராம் தூள் சாப்பிடுறா? ஒரு தேக்கரண்டி 3 கிராம்னு வச்சா 1 மில்லிகிராம் கூட தேறாது. கர்ப்பிணிக்கு தெனம் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரையா குடுக்கணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது.

இப்ப ஷீட்ல "எந்த நிலையில", "ஒரு ஆள் சாப்பிடுற அளவுல எவ்வளவு"ன்னு ரெண்டு நிரல் (column) கட்டாயம். டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்குங்க, எந்த ஆப்பையும் விட பிரயோசனம். நான் 100 கிராம் மைசூர் பருப்ப அவிச்சு தண்ணி வடிச்சு நிறுத்தேன், 260 கிராம் இருந்திச்சு. காஞ்ச பருப்புல 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம், வெந்ததுல 9 தான், அதுவும் லயத்துல ஆறு பேருக்கு தண்ணியா வைக்கிற கறில ஒரு ஆளோட தட்டுக்கு எவ்வளவு வரும்னு நீங்களே பாருங்க.

4. யார வச்சு பாத்தாங்க?

சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா கீரை பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேர்றது குறையும், இது 1975லயே அளந்து பாத்த விஷயம். ஒரு மணித்தியாலம் தள்ளி குடிச்சா அந்த பாதிப்பு குறையுதுன்னு 2017ல வந்த ஆய்வு பிரிட்டன்ல 12 பொம்பளைங்கள வச்சு செஞ்சது. அத அப்படியே "12 பேர வச்சு பாத்த சின்ன ஆய்வு"ன்னு எழுதுங்க, "ரத்தசோகை போயிடும்"னு எழுதாதீங்க. அதோட கொழுந்து மலைல நிக்கிற அக்காவுக்கு ரொட்டியும் பிளேன்டீயும் ஒரே நேரத்துலதான் கிடைக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளுறது அவங்க கையில இல்ல. அதனால ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிற தேத்தண்ணிய தள்ளிப் போடுங்க, சம்பலுக்கு தேசிக்காய் புளி விடுங்கன்னு எழுதினோம், விட்டமின் சி இருந்தா இரும்புச்சத்து கூட சேரும்.

வார்த்தையிலயும் கவனம். எல்லாத்தையும் மந்தபோசணைன்னு (சத்துக் குறைபாடு) ஒரே சொல்லுல எழுதுறாங்க. 2016 தேசிய கணக்கெடுப்புல தோட்டப்புற சின்னப் பிள்ளைங்கள்ல 31.7 வீதம், நாடு முழுக்க 17.3 வீதம்னு வந்தது வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைங்க கணக்கு. உயரத்துக்கேத்த எடை இல்லாதது வேற கணக்கு.

5. காசு யாரோடது?

1967ல வந்த ஒரு பெரிய கட்டுரை இதய நோய்க்கு கொழுப்பத்தான் கூடுதலா காரணம் காட்டிச்சு, அத எழுதின ஹார்வர்ட் ஆளுங்களுக்கு சீனிக் கம்பனிகளோட அமைப்பு காசு குடுத்திருந்தது 2016லதான் வெளிய வந்திச்சு. அதனால ஆய்வோட கடைசிப் பக்கத்துல நிதி விவரம் படிக்காம விடாதீங்க. எங்களுக்கும் ஒரு பால்மா கம்பனில இருந்து பிரிண்ட் செலவ ஏத்துக்கிறோம்னு வந்தாங்க, வேணாம்னுட்டோம். குழந்தைப் பால்மா விளம்பரம் பத்தி 1981லயே உலக அளவுல விதிமுறை இருக்கு, அத ஒரு தடவ படிங்க.

6. தப்பு வந்தா

முதல் பக்கத்துல வந்த தப்புக்கு திருத்தமும் முதல் பக்கத்துல, அதே எழுத்து சைஸ்ல. நாங்க போட்டது இதுதான்: "போன மாசம் முருங்கைத் தூள் பத்தி நாங்க எழுதினது பிழை. தூள் மாத்திரைக்கு பதில் ஆகாது. நிப்பாட்டினவங்க இன்னைக்கே மிட்வைஃப் மிஸ்ஸோட கதைங்க." மேல் டிவிஷன்ல சிக்னல் இல்ல, அதனால கிளினிக் நாள்ல நின்னு கையில குடுத்தோம். அந்த தங்கச்சிகிட்ட நேரா மன்னிப்பு கேட்டேன்.

பின்சேர்க்கை: இத வாசிச்ச வெலிமடை மரக்கறித் தோட்டக்கார அண்ணன் ஒருத்தர், ஸ்பினாச்சும் நம்ம பசளிக் கீரையும் ஒண்ணில்ல தம்பின்னார். சரிதான், ஸ்பினாச்சோட தாவரவியல் பேர் ஸ்பினாசியா ஒலரேசியா, பசளியோடது பசெல்லா ஆல்பா, குடும்பமே வேற. எங்க பழைய ரெண்டு இதழ்ல ஸ்பினாச் நம்பர பசளிக்கு போட்டிருக்கோம், அடுத்த மாசம் திருத்தம் வருது. ஷீட்ல தாவரப் பேருக்கும் ஒரு நிரல் சேத்துக்குங்க.