விபுலாநந்தர் இல்லமும் குமனவில் ஓர் இரவும்: குடும்பப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து காலையில் புறப்பட்டு, காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு, அன்றிரவு குமன தேசிய பூங்காவில் கூடாரமடித்துத் தங்கத் திட்டமிடும் குடும்பங்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் நேரக் கணக்கிலேயே தொடங்குகின்றன. காரைதீவு 40 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால்தான் இருக்கிறது என்றாலும், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது என்று வீதியோரம் நெருங்கி அமைந்த ஊர்களைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். தாமதமாகப் புறப்பட்டவர்கள் இல்லத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறார்கள்.

அந்த வீட்டின் அருமை சுவரிலும் கூரையிலும் இல்லை. 1892இல் அங்கே மயில்வாகனனாகப் பிறந்த பிள்ளை, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பொறுப்பை ஏற்றார். பழந்தமிழரின் இசையைக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துச் செல்வது பெரிய தவறு, ஏனெனில் கதை தெரியாத பிள்ளைக்கு அது இன்னுமொரு பழைய வீடு மட்டுமே. அவருடைய சமாதி கல்லடியில், சிவானந்த வித்தியாலய வளாகத்தில், போகும் வழியிலேயே இருக்கிறது. அதை முதலில் வணங்கிவிட்டுக் காரைதீவுக்குப் போவதே முறையான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இல்லம் திறந்திருக்கும் நேரத்தை ஊரவர் எவரிடமாவது முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் திருக்குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில் ஊரெங்கும் சனம் நிறைந்திருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு ஆபத்தானது. பொத்துவிலையும் பாணமையையும் கடந்து, பூங்காவின் வாசல் இருக்கும் உகந்தைக்குச் செல்லும் வீதியில் மாலை மயங்கியபின் யானைகள் குறுக்கிடும். பூங்காவுக்குள் வெளிச்சம் இருக்கும்போதே நுழைந்து முகாமிடத்தை அடைந்துவிட வேண்டும் என்பதால், அறுகம்குடாவில் கடல் குளித்துப் பொழுதைப் போக்குவது அன்றைக்கு வேண்டாம். யானை வீதியில் நின்றால் ஹோர்ன் அடிக்காமல், தொலைவிலேயே வாகனத்தை நிறுத்திக் காத்திருங்கள். முகாமிடத்தை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்பதிவு செய்யாமல் போய் வாசலில் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணுவதும், எரிபொருளையும் குடிநீரையும் பொத்துவிலிலேயே நிரப்பாமல் விடுவதும் பிள்ளைகளைத்தான் வருத்தும்.

இரவில் வாழைப்பழம், அரிசி, உப்பு போன்றவற்றைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதே எல்லாவற்றிலும் கொடிய தவறு. யானையின் மோப்பத்துக்குக் கூடாரத் துணி எந்தத் தடையும் அல்ல. உணவைத் தேடி அது துணியைக் கிழித்தால் உள்ளே உறங்குபவர்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. உணவை இறுக மூடி, கூடாரத்திலிருந்து தள்ளி எங்கே வைப்பது என்பதைப் பூங்கா வழிகாட்டியிடம் கேட்டுச் செய்யுங்கள். பூங்காவையொட்டி ஓடும் கும்புக்கன் ஆற்றில் முதலைகள் உண்டு. ஆகவே பிள்ளைகளைக் கரையில் முகம் கழுவவும் விடக்கூடாது. ஆற்று மணல் மெத்தென்று இருக்கிறது என்று அதன்மேல் கூடாரமடிப்பதும் கூடாது, ஏனெனில் மேலே மலைப்பக்கத்தில் பெய்யும் மழை இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். ஐப்பசி முதல் தை வரையிலான மாரிகாலத்தில் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டு, காரைதீவுவரை மட்டும் போய்த் திரும்புங்கள்.